ஒளியும் ஒளியும் சேர்ந்தால் இருளா?

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை. பழவங்காடிப் பிள்ளையாரை வணங்கிவிட்டு நானும் என் அறைத்தோழரும் பேருந்துக்காக நின்றோம். நான் இயற்பியல் பயில்பவன். அவர் இலக்கிய மாணவர். மழை விட்டிருந்தது. ஏதோ வண்டியிலிருந்து சொட்டிய எண்ணெய், தார்ச்சாலையில் தேங்கிய நீரின்மேல் படர்ந்து, நீலமும் பொன்னும் சிவப்புமாக வளையம் வளையமாக மின்னிற்று.

“எண்ணெய்க்கு இத்தனை நிறம் ஏது?” என்றார் நண்பர்.

“ஒளியலைகளின் குறுக்கீடு. இரண்டு அலைகள் கூடினால் சில இடத்தில் ஒளி மிகும், சில இடத்தில் அழியும்” என்றேன், தேர்வுத்தாளில் எழுதுவதுபோல.

“அழிந்த ஒளி எங்கே போகிறது?”

விடை தெரியவில்லை. நல்ல வேளை, பேருந்து வந்தது. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. அன்றிரவு நூல்களைப் புரட்டி அவருக்குச் சொன்னதையே இங்கு உங்களுக்கும் சொல்கிறேன்.

எண்ணெய்ப் படலத்தின் மேற்பரப்பிலேயே ஒளியின் ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. இன்னொரு பகுதி உள்ளே சென்று, எண்ணெயும் நீரும் கூடுமிடத்தில் திரும்பி மேலே வருகிறது. அதிக வழி நடந்ததால் அது சற்றுப் பின்தங்குகிறது. இரண்டின் முகடும் முகடும் பொருந்தினால் ஒளி மிகும். முகடும் பள்ளமும் சந்தித்தால் மங்கும். சிவப்பின் அலைநீளம் ஒரு மில்லிமீட்டரைப் பதினாயிரமாகப் பகுத்தால் ஏறக்குறைய 7 பங்கு. ஊதாவுக்கு 4 பங்கு. ஆகவே படலத்தின் ஒரு தடிப்பில் சிவப்பு மங்கும். வேறொரு தடிப்பில் நீலம் மங்கும். வெள்ளொளியில் எஞ்சி நிற்பதே நாம் காணும் நிறம்.

அப்படியானால் அறையில் இரண்டு விளக்குகளை ஏற்றினால் சுவரில் ஏன் கருங்கோடுகள் விழுவதில்லை? இரு விளக்குகளின் அலைகளுக்குள் ஒழுங்கு கிடையாது. முகடுகள் பொருந்துமிடம் நொடிக்குக் கோடிக்கணக்கான முறை மாறுகிறது. கண் சராசரியைத்தான் காண்கிறது. எண்ணெயிலோ ஒரே ஒளி இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடுகிறது.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். ஒளி அழியவே இல்லை! மேலே திரும்பாத சிவப்பு, அதே அளவுக்குக் கீழே நீருக்குள் கூடுதலாகச் செல்கிறது; கரிய தார் அதை விழுங்கிக்கொள்கிறது. கணக்கில் ஒரு காசும் குறைவதில்லை. தரை வெள்ளையாக இருந்தால் அந்த ஒளியும் மேலே வந்து கலந்து நிறத்தை வெளிறச் செய்துவிடும். கருந்தாரில் நிறம் பொலிவது இதனால்தான்.

மெல்லிய படலங்களின் நிறங்களை நியூட்டன் அளந்து 1704-இல் வெளியிட்டார். 1801-இல் தாமஸ் யங் அவ்வளவுகளைக் கொண்டே அலைநீளங்களைக் கணக்கிட்டார். நம் சர் சி. வி. இராமன், சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருக்கும்போதே, 1906-இல், ஒளிப்பட்டைகளைப் பற்றித் தம் முதல் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார்.

நான் அந்தத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றவன்தான். ஆயினும் இயற்பியல் படிக்காத ஒருவர் தமிழில் கேட்ட பிறகே அந்தப் பாடம் எனக்கு விளங்கிற்று. அடுத்த மழையில் நீங்களும் சாலையைக் குனிந்து பாருங்கள். பக்கத்தில் நிற்பவர் கேட்டால் சொல்லுங்கள்.