பேக்பைப் முழக்கத்தின் நடுவே ஒரு நாய்

ஸ்காட்லாந்தின் ஹைலேண்ட் விளையாட்டு விழாக்களில் பேக்பைப் முழங்கும். நெடிய மரத்தடியைத் தலைகீழாகப் புரண்டு விழுமாறு எறியும் போட்டியும் நடைபெறும். ஆண்டுதோறும் செப்டம்பர் முதல் சனிக்கிழமை பிரேமார் ஊரில் நிகழ்வது அவற்றுள் புகழ்பெற்றது.

இத்தகைய திடலில் நாயுடன் நிற்கும் தன்னார்வலர், ஆட்டத்தைவிட நாயின் முகத்தையே மிகுதியாகக் கவனிக்க வேண்டியுள்ளது. மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையே கேட்கும். நாயின் செவி 40,000ஐயும் கடக்கும். காரணமின்றிக் கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல் ஆகியவை பெரும்பாலும் கலக்கத்தின் அடையாளங்கள். தடவிக்கொடுக்கச் சிறுவர்கள் காத்திருந்தாலும், அவ்வேளையில் நாயை அமைதியான இடத்திற்கு அழைத்துச் சென்றுவிட வேண்டும். குழந்தைகளிடம் மறுப்புச் சொல்ல மனம் வராதுதான். ஆயினும் அஞ்சிய நாய் கடிக்கக்கூடும்.

ஸ்காட்லாந்தின் மருத்துவமனைகளுக்கும் தன்னார்வலர்கள் நாய்களை அழைத்து வருவதுண்டு. ‘தெரபெட்’ என்பது அப்பணிக்கு அங்கு வழங்கும் பெயர். வார்டில் விருப்பமில்லாதவர் ‘வேண்டாம்’ எனலாம். தொடுவதற்கு முன்னும் பின்னும் கைகளைக் கழுவுங்கள். புண்ணை நக்க விடாதீர்கள். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே அணுகுதல் வேண்டும். வீட்டில் விட்டுவந்த நாயை எண்ணி ஏங்குவோர், அதைச் செவிலியரிடம் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.