தீவுக் கேமராவுக்குக் கரன்ட் எங்கிருந்து?

நார்கொண்டம் வடக்கு அந்தமானுக்குக் கிழக்கே இருக்கும் எரிமலைத் தீவு. பரப்பு சுமார் 7 சதுர கிலோமீட்டர்தான். நார்கொண்டம் இருவாச்சி என்ற பறவைக்கு உலகத்தில் வேறு வீடில்லை. அங்கே ரேடார் வைக்கக் கடலோரக் காவல்படை அனுமதி கேட்டது. அதை இயக்க டீசல் மின்நிலையமும் கேட்டது. 2012 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெயந்தி நடராஜன் மறுத்தார். 2014-ல் அடுத்த அரசு அனுமதித்தது. நாட்டுப் பாதுகாப்பா, பறவையா என்றுதான் ஊரே பேசியது. போர்ட் பிளேரில் கேமராவும் சோலாரும் பொருத்திப் பிழைக்கும் எனக்கு அந்த டீசல்தான் உறுத்தியது. கண்காணிக்கும் கருவி சிறிய இடத்தில் நின்றுவிடும். அதற்கான மின்சாரம்தான் பாதை, எரிபொருள் கிடங்கு, ஓயாத இரைச்சல் என்று காட்டுக்குள் நுழைகிறது.

சின்னக் கேமராக்களுக்கும் இதே தொல்லை உண்டு. வண்டூர்ப் பக்கம் ஒரு கிரீக்கில் முதலை நடமாட்டம் பார்க்கச் சில கேமராக்கள் வைத்தேன். கம்பி கிடையாது, ஒவ்வொன்றும் படத்தை ரேடியோவில் அடுத்ததற்குத் தள்ளிவிடும். ஒரு கேமரா படமெடுத்து அனுப்பும்போது சுமார் 250 மில்லிஆம்பியர் இழுக்கிறது. 2600 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியை வைத்தால் பத்து மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பத்து விநாடி மட்டும் விழிக்கச் செய்தால் அதே பேட்டரி இரண்டு வாரம் தாண்டும்.

அசைவு தெரிந்தால் மட்டும் எழுப்பும் அகச்சிவப்பு சென்சார் இருக்கிறதே என்பீர்கள். அது உடல் சூட்டை வைத்து வேலை செய்வது. மான், பன்றிக்குச் சரி. முதலையின் உடல் சுற்றியிருக்கும் தண்ணீர், சேற்றின் சூட்டிலேயே இருப்பதால் அது முன்னால் போனாலும் சென்சார் பெரும்பாலும் அசையாது. வெயிலில் சூடேறிய இலை ஆடினால் மட்டும் விழித்துக்கொள்ளும்! ஆக, நேரம் வைத்து எடுப்பதுதான் வழி, மின்செலவும் கூடும்.

இன்னொன்று: படங்களைக் கடைசியில் வாங்கிச் சேர்க்கும் கரைப் பெட்டிக்குப் பக்கத்துக் கேமராதான் முதலில் சாகும். தன் படத்தோடு மற்றவை அனுப்பும் படங்களையும் அதுதான் சுமக்கிறது. அதற்குப் பெரிய பேட்டரி வைக்க வேண்டும். அதைவிட நல்லது, படத்தைக் கேமராவே அலசி, ‘முதலை, காலை 6 மணி’ என்று சில எழுத்துகளை மட்டும் அனுப்புவது. முழுப் படம் மெமரி கார்டிலேயே கிடக்கட்டும்.

சோலார் கைகொடுக்குமா? மே மாதம் தொடங்கும் மழை நவம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும் ஊர் இது. அலையாத்தி நிழலில் பேனல் வைத்துப் பயனில்லை. உப்புக் காற்றில் கனெக்டர்கள் பச்சையாகக் களிம்பேறும். கடல் கொந்தளிக்கும் ஜூனில் டுங்கிப் படகில் போய் பேட்டரி மாற்ற எவரும் துணிவதில்லை.

தீவுகளில் கேமரா வைக்கத் திட்டம் போடுவோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எத்தனை கேமரா என்பதற்கு முன்னால், மழைக்காலத்தில் கரன்ட் எங்கிருந்து வரும் என்பதை எழுதுங்கள். அதற்குப் பதில் டீசல் என்றால், திட்டத்தை இன்னொரு முறை யோசியுங்கள்.