பட்டயத்திலிருந்து பட்டத்திற்கு

தமிழ்நாட்டில் நம் பங்குப் பள்ளிகளிலே முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை கற்பித்து வரும் ஆசிரியர்களுள் பலர், பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஆசிரியப் பயிற்சி பெற்று, தொடக்கக் கல்விப் பட்டயத்துடன் பணிக்கு வந்தவர்கள். இடைநிலை ஆசிரியர் என்பது அலுவலகம் அவர்களுக்கு வழங்கும் பெயர். பணியில் சில ஆண்டுகள் கழிந்து, சொந்தப் பிள்ளைகளும் சற்றே வளர்ந்தபின், 'மேற்கொண்டு படித்து பி.எட். பட்டம் பெற்றுவிட்டால் என்ன?' என்ற எண்ணம் அவர்கள் உள்ளத்தில் எழுவது இயல்பு. எண்ணம் நல்லதே. ஆனால் அதனைப்பற்றி நம் வீடுகளில் நடைபெறும் பேச்சு பெரும்பாலும் சம்பளத்தில் தொடங்கிச் சம்பளத்திலேயே முடிந்துவிடுகின்றது.

சம்பளத்தில் வேறுபாடு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. 2017ஆம் ஆண்டு ஊதியத் திருத்தத்தின்படி இடைநிலை ஆசிரியருக்குத் தொடக்க அடிப்படை ஊதியம் 20,600 ரூபாய். பட்டதாரி ஆசிரியருக்கு 36,400 ரூபாய். எனினும் பட்டம் கைக்கு வந்த மறுதிங்களே இவ்வேறுபாடும் கைக்கு வந்துவிடும் என எண்ணுதல் கூடாது. காலியிடம் வேண்டும், பணிமூப்பு வேண்டும், தகுதித் தேர்வும் குறுக்கே நிற்கும். முன்னர் உயர்கல்வி முடித்தவர்க்கு ஊக்க ஊதிய உயர்வு என ஒன்று இருந்தது. அந்த ஏற்பாட்டையும் தமிழக அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. ஆகவே, 'உன் அத்தை பட்டம் வாங்கியதும் சம்பளம் ஏறவில்லையா?' என்று அக்காலத்தவரைக் காட்டி இக்காலத்தவரைத் தூண்டுவது பொருத்தமன்று.

இதனினும் முக்கியமானது ஒன்றுண்டு. பி.எட். என்பது பட்டயத்தின் அடுத்த படி எனப் பலர் கருதுகின்றனர். உண்மையில் அது வேறொரு மாடிக்குச் செல்லும் வேறொரு படிக்கட்டு. எழுத்தறியாக் குழந்தையின் விரலைப் பிடித்து 'அ' எழுதச் செய்வதும், கடன் வாங்கிக் கழித்தலைப் புளியங்கொட்டை வைத்து விளக்குவதும், தாயைப் பிரிந்து அழும் பிள்ளையை வகுப்பில் அமரச் செய்வதும் பட்டயப் பயிற்சி கற்றுக்கொடுக்கும் கலைகள். பி.எட். பயிற்சியோ, ஒரு பாடத்தை வளர்ந்த மாணவருக்கு எவ்வாறு கற்பிப்பது என்பதை மையமாகக் கொண்டது. இவ்வேறுபாட்டை நீதிமன்றமும் ஏற்றுள்ளது. பி.எட். பெற்றவரும் தொடக்க வகுப்புகளில் ஆசிரியராகலாம் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018இல் அறிவித்திருந்தது. இராஜஸ்தானில் எழுந்த வழக்கொன்றில், 2023 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றம் அந்த அறிவிப்பு செல்லாது எனத் தீர்ப்பளித்தது. தொடக்கப் பள்ளிக்கு உரிய தகுதி பட்டயமே என்று அன்று உறுதியாயிற்று. பட்டதாரி ஆசிரியர் முன்னிலையில் நம் முதல் வகுப்பு ஆசிரியை தாழ்வாக உணர வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

ஆகவே, பட்டம் பெற விழைவோர் தம்மைத் தாமே முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, 'எந்த வயதுப் பிள்ளைகளோடு என் எஞ்சிய பணிக்காலத்தைக் கழிக்க விரும்புகிறேன்?' என்பதே. குழுமம் 2010இல் வகுத்த விதிப்படி, ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கக் கலை அல்லது அறிவியல் பட்டத்துடன் இப்பட்டயமும் இருந்தாற் போதும். ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கே பி.எட். இன்றியமையாதது. மாநில அரசின் பதவி உயர்வு விதிகளை இதனோடு சேர்த்துப் பார்த்தல் வேண்டும்.

பி.எட். சேருமுன் இளங்கலைப் பட்டம் வேண்டுமல்லவா? இங்கேதான் பலர் இடறுகின்றனர். எது எளிது, எதற்குக் கட்டணம் குறைவு என்று பார்த்து வணிகவியலிலோ பொருளாதாரத்திலோ பட்டம் பெற்றுவிடுகின்றனர். தமிழ்நாட்டில் அப்பாடங்களில் பி.எட். சேர முதுகலைப் பட்டம் கேட்பார்கள். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, புவியியல் எனப் பள்ளியில் உள்ள பாடத்தையே தேர்ந்தெடுத்தல் நலம். பணியிலிருப்போர் கல்வித் துறையின் முன் அனுமதி பெற்ற பின்னரே எந்தப் படிப்பிலும் சேர வேண்டும்.

2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பு. கல்லூரிக்கு நேரில் சென்று படிக்க விடுப்பு வேண்டும், வருமானம் நிற்கும். ஆதலின் பெரும்பாலோர்க்கு ஏற்றது தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமோ நடத்தும் பி.எட். படிப்பே. இவ்வழி எல்லாப் பட்டதாரிகளுக்கும் திறந்ததன்று. தொடக்கக் கல்வியில் பயிற்சி பெற்றுப் பணியிலிருப்போர்க்கும், நேரடி வகுப்பில் ஆசிரியப் பயிற்சி முடித்தோர்க்கும் மட்டுமே இடமுண்டு. பட்டத்தில் பொதுவாக ஐம்பது விழுக்காடு மதிப்பெண்ணும் வேண்டும். பட்டயத்தைச் சிறிதென்று எண்ணுவோர், இவ்வாசலைத் திறப்பது அப்பட்டயமே என்பதை நினைவிற்கொள்க.

தொலைவழிப் படிப்பு என்றதும், அஞ்சலில் வரும் புத்தகத்தைப் புரட்டித் தேர்வெழுதுவது என்று குடும்பத்தார் எண்ணிவிடுகின்றனர். அவ்வாறன்று. இந்திரா காந்தி பல்கலைக்கழகத்தில் ஆண்டுதோறும் பன்னிரண்டு நாள் பயிலரங்கிற்கு நேரில் செல்ல வேண்டும். ஒப்படைப்புகள் எழுத வேண்டும். பள்ளியில் கற்பித்தற் பயிற்சியும் உண்டு. பகலெல்லாம் நாற்பது பிள்ளைகளோடு தொண்டை வற்றக் கத்திவிட்டு வரும் பெண், இரவுச் சமையலையும் முடித்துவிட்டுப் பதினோரு மணிக்குப் புத்தகத்தைத் திறந்தால் என்ன ஏறும்? கணவர் மாலைக் காப்பியையும் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளட்டும். மாமியாரும், 'இந்த வயதில் இது எதற்கு?' என்று கேட்பதைத் தேர்வு முடியும் வரையிலாவது ஒத்திவைக்கலாம். தாளாளராக விளங்கும் பங்குத் தந்தையரும் பயிலரங்க நாட்களுக்கு முன்கூட்டியே மாற்று ஏற்பாடு செய்து தருவாராயின் பேருதவியாகும்.

இறுதியாகத் தகுதித் தேர்வு. எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கும் ஆசிரியருள் ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்போர், இரண்டாண்டுக்குள் இத்தேர்வில் தேற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டுக்குக் குறைவாக இருப்போர் பணியில் தொடரலாம். தேர்வில் தேறாமல் பதவி உயர்வு மட்டும் இல்லை. கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளுக்குப் பொருந்தாது என 2014இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு கூறியிருந்தமையால், இத்தேர்வு நம் பள்ளிகளைக் கட்டுப்படுத்துமா என்ற வினாவைப் பெரிய அமர்வு ஆராயட்டுமென்று அதே தீர்ப்பில் தலைமை நீதிபதிக்கு அனுப்பிவைத்தனர். விலக்கை நம்பிக் காத்திருப்பது அறிவுடைமையாகாது. தொடக்க வகுப்புக்கான முதல் தாளை எழுதப் பட்டயமே போதும். பி.எட். விண்ணப்பம் ஓராண்டு தாமதமாயினும், அத்தாளை முதலில் எழுதி முடித்துவிடுவதே நாம் கூறும் வழி.