25 வயசு ஆனாத்தான் என்ட்ரி... அமெரிக்காவில் ஸ்கைலைன் காருக்கு ஏன் இத்தனை கெடுபிடி?

2003இல் வெளியான '2 ஃபாஸ்ட் 2 ஃப்யூரியஸ்' படத்துல பால் வாக்கர் ஓட்டிக்கிட்டு வருவாரே ஒரு வெள்ளி நிற கார், ஞாபகம் இருக்கா? அதுதான் நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர், ஆர்34 மாடல். படம் ஹாலிவுட் படம்தான். ஆனா அந்தக் காரை சாதாரண அமெரிக்கர் ஒருவர் சட்டப்படி இறக்குமதி செய்ய 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஏன்?

என்ன சட்டம் அது?

அமெரிக்கச் சாலையில் ஓடும் கார், அந்நாட்டு பாதுகாப்பு விதிகளின்படி தயாரிக்கப்பட்டிருக்க வேண்டும். பம்பர், ஹெட்லைட், சீட் பெல்ட் என எல்லாவற்றுக்கும் தனித்தனி விதி உண்டு. ஜப்பானுக்காகத் தயாரான ஸ்கைலைன் இதில் தேறாது. 1988இல் வந்த சட்டம் இறக்குமதியை இன்னும் இறுக்கியது. விதிவிலக்கு ஒன்றுதான் பிரபலம்: தயாரித்து 25 ஆண்டுகள் ஆன கார்களுக்கு இந்தப் பாதுகாப்பு விதிகள் பொருந்தாது.

புகை விதி தனி!

பலரும் குழம்புவது இங்கேதான். பாதுகாப்பைப் பார்ப்பது என்எச்டிஎஸ்ஏ. புகையைப் பார்ப்பது இபிஏ. இபிஏ கணக்குப்படி 21 ஆண்டுகள் போதும். ஆனா என்ஜின் ஒரிஜினலாகவோ அதற்கு இணையானதாகவோ இருக்கணும். புது என்ஜின் மாற்றியிருந்தால் சிக்கல். துறைமுகத்தில் இரண்டு துறைகளுக்கும் தனித்தனி படிவம் தர வேண்டும்.

ஒரு மாசம் முன்னாடி வந்தா?

25 ஆண்டு என்பது தயாரிப்பு மாதத்திலிருந்து கணக்காகும். மாடல் வருஷத்தை வைத்து அல்ல. ஆர்34 ஜிடி-ஆர் 1999 முதல் 2002 வரை தயாரானது. 1999 ஜனவரி கார் 2024 ஜனவரியில் தகுதி பெற்றது. 2002 காருக்கு 2027 வரை காத்திருக்கணும். அவசரப்பட்டு கப்பலேற்றினால் கார் துறைமுகத்திலேயே மாட்டிக்கும். திருப்பி அனுப்பணும், இல்லைன்னா அழிக்கணும். 2013இல் அடையாள எண் திருத்தப்பட்ட ஒரு மினி கூப்பரை அமெரிக்க சுங்கத்துறை நசுக்கியே விட்டது. அதனால பணம் கட்டுறதுக்கு முன்னாடி தயாரிப்புத் தேதிக்கான ஆவணத்தைக் கேட்டு வாங்குவது அவசியம்.

வேற வழியே இல்லையா?

இரண்டு வழி உண்டு. பதிவு பெற்ற இறக்குமதியாளர் மூலம் காரை விதிக்கேற்ப மாற்றலாம். இதற்கு காரின் மதிப்பில் 150 சதவீதத்துக்கு பிணைப்பத்திரம் தரணும். 120 நாளில் வேலை முடியணும். இன்னொன்று, 1999இல் வந்த 'ஷோ ஆர் டிஸ்ப்ளே' விதி. வரலாற்று, தொழில்நுட்ப முக்கியத்துவம் உள்ள அரிய கார்களுக்கு மட்டும். ஆண்டுக்கு 2,500 மைல், அதாவது சுமார் 4,000 கி.மீ.தான் ஓட்டலாம். பில் கேட்ஸ் வாங்கி சுங்கத்தில் வருஷக்கணக்கில் முடங்கிய போர்ஷே 959 போன்ற கார்களுக்கு வழி திறந்தது இதுதான்.

கலிபோர்னியாவில் மட்டும்...

மத்திய அரசு அனுமதித்தாலும் கலிபோர்னியா விடாது. அங்கே 1976 முதலான கார்கள் மாநில புகை விதிக்கேற்ப மாற்றப்பட்டு, ஆய்வகத்தில் தேறினால்தான் பதிவு. ஸ்கைலைனும் இதில் அடக்கம்.

நம்ம ஊர்ல?

இந்தியாவில் 'விண்டேஜ்' வாகனம் என்றால் 50 ஆண்டுகள் ஆகியிருக்கணும். 2021இல் வந்த விதிப்படி புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள். கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு ஓட்டலாம். தினமும் ஆபீசுக்கு எடுத்துட்டுப் போக முடியாது!