ஆயாக் கொட்டகை இல்லாத காலத்தில்

பால்மரக் காலத்தில் நம் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. விடியுமுன் பிள்ளையை ஆயாவிடம் விட்டுவிட்டுத்தான் தாய்மார்கள் பிரட்டுக்கு ஓடுவார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் வீட்டில் சண்டை என்றாலும் முதலில் தெரிவது ஆயாவுக்குத்தான். அடுத்த வீட்டு அக்கா ஒரு வாய் கஞ்சி கொடுப்பார்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அறிந்த இன்றைய பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கமெல்லாம் ஜனங்கள் தாமான்களுக்குச் சிதறினார்கள். கூலி வேலை மட்டும் மாறவில்லை. ஆனால் கஷ்டம் வந்தால் கதவைத் தட்ட ஆள் இல்லை.

அண்மையில் ஒரு தங்கச்சி எங்களிடம் வந்தார். மூன்று பிள்ளைகள், புருஷன் சம்சுவுக்கு அடிமை. "ராத்திரியில தூக்கமே இல்லண்ணே. புள்ளைங்கள அடிச்சுப்புட்டு நானே உட்கார்ந்து அழுவுறேன்" என்றார். அக்கம்பக்கத்தார் செய்வினை என்றார்களாம். செய்வினையும் இல்லை, சோம்பலும் இல்லை. அது மனச்சோர்வு. பேச்சாலும் மருந்தாலும் ஆறக்கூடிய நோய்.

அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். குவாலா சிலாங்கூர் சமூகநல இலாகாவில் பிள்ளைகளுக்கான உதவிப் பணத்துக்கு மனு எழுதிக் கொடுத்தோம். பக்கத்து வீட்டுப் பாட்டி சாயந்தரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். புருஷன் இன்னும் முழுதாகத் திருந்தவில்லை. ஆனால் அந்தத் தங்கச்சி இப்போது தூங்குகிறார். பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள்.

தோழர்களே, இவற்றை மனத்தில் வையுங்கள். 15999 என்ற தாலியான் காசே எண்ணில் இராப்பகலாக உதவி கேட்கலாம். மனம் உடைந்தால் பிஃப்ரெண்டர்ஸ் சங்கத்தாருடன் 03-7627 2929 எண்ணில் பேசலாம். தற்கொலைக்கு முயன்றவரைப் போலீஸ் பிடிக்கும் என்ற பயம் வேண்டாம். 2023-இல் அந்தச் சட்டப்பிரிவு நீக்கப்பட்டுவிட்டது. 2023 ஜனவரி முதல் பிரசவ விடுமுறை 98 நாள். தகுதியுள்ள தகப்பனுக்கும் 7 நாள். சந்தாதாரர் இறந்துபோனால் பெர்கேசோவில் வாரிசுப் பென்ஷன் உண்டா என்று தவறாமல் விசாரியுங்கள்.

பாரம் படிக்கத் தெரியவில்லையே என்று வெட்கப்பட வேண்டாம். கிளைச் செயலவையிடம் கொண்டு வாருங்கள். கோயில் கமிட்டியும் மாதர் பகுதியும் வாரத்தில் ஒரு நாள் நாலு வீட்டை எட்டிப் பார்த்து, "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டால் போதும், பாதிப் பாரம் இறங்கும்.

ஊர் கூடினால்தான் தேர் நகரும். ஆயாக் கொட்டகை போய்விட்டது. ஆயாவின் வேலையை இனி நாம்தான் பங்கிட்டுச் செய்ய வேண்டும்.