பிள்ளையைச் சற்றுச் சும்மா இருக்க விடுவோம்

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. ஹரோவிலோ ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ உள்ள ஒரு தமிழ் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைக்கு முதலில் தமிழ்ப் பள்ளிக்கூடம். அது முடிய மிருதங்கம் அல்லது பரதநாட்டியம். மத்தியானச் சாப்பாடு காருக்குள். பின்னேரம் கணித ரியூசன். அடுத்த வருடம் கிராமர் பள்ளிக்கூட நுழைவுப் பரீட்சை என்றால் அதற்கும் ஒரு வகுப்பு. இருட்டிய பிறகு வீடு திரும்பிய பிள்ளை சோபாவில் விழுந்து, "போரடிக்குது அம்மா" என்கிறது. இவ்வளவு செய்தும் போரடிக்குதா என்று எங்களுக்குக் கோபம் வருகிறது. கையில் ஐபாடைக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறோம்.

இந்த ஓட்டத்தின் காரணம் எல்லோருக்கும் தெரியும். வீடு, காணி, படிப்பு, உறவு என்று பலதை விட்டுவிட்டு வந்தவர்கள் நாங்கள். கல்வி ஒன்றைத்தான் யாராலும் எரிக்கவோ பறிக்கவோ முடியாது என்று நம்பி வளர்ந்தவர்கள். அந்த நம்பிக்கையில் பிழை இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் மனம் எப்படி வளர்கிறது என்பதையும் நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இதே லண்டனில் நாற்பது வருடங்கள் தாய்மாரையும் பிள்ளைகளையும் பார்த்த ஒரு வைத்தியர் அதுபற்றி எழுதியவை, இன்று எங்கள் வீடுகளுக்கும் நன்றாகப் பொருந்துகின்றன.

அவர் பெயர் டொனால்ட் வின்னிகொட். 1896இல் பிளிமத் நகரில் பிறந்தவர். 1923 முதல் 1963 வரை பாடிங்டன் கிறீன் சிறுவர் வைத்தியசாலையில் பணியாற்றினார். உளப்பகுப்பாய்வும் கற்றவர். 1939 செப்டெம்பரில் யுத்தம் தொடங்கியபோது, குண்டுவீச்சுக்கு அஞ்சி, சில நாட்களுக்குள் சுமார் 15 இலட்சம் பேர் பிரித்தானிய நகரங்களிலிருந்து கிராமங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலானோர் பிள்ளைகள். அந்த வருடம் டிசெம்பரில் வின்னிகொட்டும் ஜோன் போல்பி உள்ளிட்ட வேறு இரு வைத்தியர்களும் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகைக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைத் தாயிடமிருந்து பிரித்து அனுப்புவது பெரிய மனப் பிரச்சினைகளைக் கொண்டுவரும் என்று அதில் எச்சரித்தார்கள். பிறகு ஒக்ஸ்போர்ட்ஷயரில், எந்த வீட்டிலும் நிலைக்க முடியாமல் போன பிள்ளைகளின் விடுதிகளில் அவர் ஆலோசகராக இருந்தார். யுத்தத்தால் இடம்பெயர்ந்த பிள்ளைகளை நேரில் பார்த்தறிந்த மனிதர் என்பதால்தான் அவர் சொல்வது எங்களுக்கும் விளங்குகிறது.

அவருடைய வைத்தியசாலை அறையில் நடந்த ஒரு சின்னப் பரிசோதனை உண்டு. அதைப் பற்றி 1941இல் எழுதினார். ஐந்து மாதம் முதல் பதின்மூன்று மாதம் வரையான குழந்தையைத் தாய் மடியில் வைத்திருப்பார். மேசை விளிம்பில், நாக்கை அழுத்திப் பார்க்கும் பளபளப்பான உலோகக் கரண்டி ஒன்று இருக்கும். குழந்தை அதைப் பிடிக்கக் கையை நீட்டும். உடனே தயங்கி நின்றுவிடும். தாயைப் பார்க்கும், வைத்தியரைப் பார்க்கும். அந்த நேரத்தில் யாரும் உதவக் கூடாது, உற்சாகப்படுத்தவும் கூடாது என்பது அவருடைய விதி. கரண்டியை எடுத்து வாயில் திணித்தால் குழந்தை மறுக்கும், அழும். பொறுத்திருந்தால் சற்று நேரத்தில் அதன் வாயில் எச்சில் ஊறும். தானாகவே கரண்டியை எடுத்துக் கடிக்கும், மேசையில் தட்டும், அம்மாவுக்கு ஊட்டுவதுபோல நீட்டும். கடைசியில் கீழே போட்டு, எடுத்துத் தரச்சொல்லி மறுபடியும் போட்டு மகிழும்.

முக்கியமானது அந்தத் தயக்க நேரம். ஆசை பிள்ளைக்குள் உருவாகிற நேரம் அது. வெளியிலிருந்து பார்க்கும்போது ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். "போரடிக்குது" என்று ஒன்பது வயதுப் பிள்ளை சொல்வதும் பல வேளைகளில் இதே நிலைதான். இன்னும் ஆசை பிறக்கவில்லை, பிறக்கப்போகிறது. நாங்கள் அவசரப்பட்டு ஒரு வகுப்பையோ ஒரு திரையையோ கையில் திணிக்கும்போது, அந்தப் பிறப்பு நின்றுபோகிறது.

வின்னிகொட்டின் பெயரோடு சேர்ந்து நிற்கும் இன்னொரு கருத்து, "போதுமான அளவு நல்ல தாய்" என்பது. குழந்தை பிறந்த புதிதில் தாய் அதன் தேவைக்கு ஏறக்குறைய முழுமையாக ஈடுகொடுக்கிறாள். பிறகு, பிள்ளையால் தாங்கக்கூடிய அளவுக்குச் சிறிது சிறிதாகத் தவறுகிறாள். பால் கொஞ்சம் பிந்துகிறது. கூப்பிட்டவுடன் வர முடியவில்லை. அந்தச் சின்ன இடைவெளியில்தான் பிள்ளை பொறுக்கவும் கற்பனை செய்யவும் கற்றுக்கொள்கிறது என்றார். குறையே இல்லாத பெற்றோர் பிள்ளைக்குத் தேவையில்லை. இரவு வேலைக்குப் போய்வந்து, பாணும் சம்பலும் கொடுத்துவிட்டு, "நான் நல்ல தாயா?" என்று குற்றவுணர்வோடு படுக்கிறவர்கள் எங்களுக்குள் எத்தனை பேர்! அவர்களுக்கு இது ஆறுதலான செய்தி.

அந்த இடைவெளியில் பிள்ளை பிடித்துக்கொள்வது என்ன? ஒரு போர்வையின் நுனி, ஒரு பஞ்சுப் பொம்மை. எங்கள் வீடுகளில் அம்மாவின் பழைய சேலை. அதைத் தோய்த்துவிட்டால்கூடச் சில பிள்ளைகள் அழும், ஏனென்றால் மணம் போய்விட்டது. இதைக் குழந்தையின் முதல் படைப்பு என்றே சொல்லலாம் என்பது வின்னிகொட்டின் பார்வை. பிற்காலத்தில் விளையாட்டும் பாட்டும் கலையும் வழிபாடும் மனத்தில் அதே இடத்தில்தான் முளைக்கின்றன என்று அவர் கருதினார். ஆகவே பிள்ளைக்குப் பரதநாட்டியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரங்கேற்றத் திகதிக்கும் பரீட்சைப் புள்ளிக்கும் வெளியே, வீட்டு வரவேற்பறையில் அது தன் பாட்டில் ஆடிப்பார்க்க ஒரு அரை மணித்தியாலம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். அது இல்லாவிட்டால், கற்ற கலை சான்றிதழோடு நின்றுவிடும்.

இனிச் சொல்லப்போவது சற்றுக் கசப்பானது. எங்கள் சமூகத்தில் பெரிய பாராட்டு, "சொல்வழி கேட்கிற பிள்ளை" என்பது. 1960இல் எழுதிய ஒரு கட்டுரையில் வின்னிகொட் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். மற்றவர்களின் எதிர்பார்ப்புக்கு ஈடுகொடுத்தே வாழப் பழகிய பிள்ளை, தன் உண்மையான உணர்வை உள்ளே ஒளித்துவைத்துவிட்டு, வெளியே ஒரு போலிச் சுயத்தைக் கட்டிக்கொள்கிறது. படிப்பில் கெட்டித்தனமும் சேர்ந்துவிட்டால் யாருக்கும் சந்தேகமே வராது. பட்டமும் வேலையும் கிடைத்த பிறகு, "இது எதுவும் என்னுடையதாகத் தெரியவில்லை" என்று ஒருநாள் அந்தப் பிள்ளைக்குத் தோன்றலாம்.

இதற்கு முன்பே இன்னொன்றையும் அவர் கவனித்திருந்தார். மனச்சோர்வில் இருக்கும் தாயின் பிள்ளை, தாயைச் சிரிக்கவைப்பதையே தன் வேலையாக்கிக்கொள்கிறது. வைத்தியசாலைக்கு வரும்போதும் கலகலப்பாக இருக்கும். அந்தக் கலகலப்பு தனக்காக அல்ல, அம்மாவுக்காக.

இந்த இடத்தில் எங்கள் கதை வருகிறது. யுத்தம் தனிமனிதர்களை மட்டுமல்ல, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் நீண்டகாலமாக எழுதிவருகிறார். அந்தக் காயத்தோடுதான் நாங்கள் ஹீத்ரோவில் இறங்கினோம். வீசாக் கடிதத்தையும் கவுன்சில் கடிதத்தையும் பத்து வயதில் வாசித்து விளங்கப்படுத்திய பிள்ளைகள் எங்கள் பிள்ளைகள். மே மாதம் வந்தால் அப்பா ஏன் பேசாமல் இருக்கிறார் என்று கேட்காமலே விளங்கிக்கொண்ட பிள்ளைகள். பெற்றோர் பட்ட கஷ்டத்துக்கு ஈடாக ஒரு ஏ ஸ்டாரைக் கொண்டுவந்து கொடுக்கிற பிள்ளை, ஒருவேளை எங்கள் துக்கத்தைத்தான் பராமரித்துக்கொண்டிருக்கலாம்.

அப்படியானால் பிள்ளையைத் திருத்துவதற்கு முன்பு எங்கள் மனத்தைக் கொஞ்சம் தெளியவைக்க வேண்டும். குழந்தையை ஏந்தும் தாயையும் யாராவது ஏந்த வேண்டும் என்பது வின்னிகொட் வலியுறுத்திய விடயம். கணவன், சகோதரி, சிநேகிதி, கோயிலடியில் பத்து நிமிடம் கதைக்க ஒருவர், யாராவது வேண்டும். நித்திரையின்மையும் பயமும் சோர்வும் வாரக்கணக்கில் தொடர்ந்தால் உதவி கேட்பதில் வெட்கமில்லை. இங்கிலாந்தில் வயது வந்தவர்கள் ஜிபியிடம் போகாமலே என்எச்எஸ் டோக்கிங் தெரபிஸ் சேவைக்குத் தாங்களாகவே விண்ணப்பிக்கலாம். மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். அந்த வேலைக்கு மட்டும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள்.

படைப்பாற்றல் கலைஞர்களுக்கு மட்டும் உரியது என்றும் நினைக்க வேண்டியதில்லை. வின்னிகொட் கடைசிக் காலத்தில் ஆற்றிய ஒரு உரையில் சொசேஜ் பொரிப்பதைத்தான் உதாரணம் காட்டினார். புத்தகத்தில் உள்ளபடி அளந்து செய்யலாம், அல்லது இன்றுதான் முதன்முறை சமைப்பதுபோலத் தானாகச் செய்து பார்க்கலாம். இரண்டாவதில் சமைப்பவர் உயிரோடு இருப்பதை உணர்கிறார். எங்கள் ஒடியற்கூழுக்கும் அது பொருந்தும். அம்மா எதையாவது விரும்பிச் செய்வதைப் பார்க்கிற பிள்ளை, வாழ்க்கை முழுவதும் கடமை அல்ல என்று தெரிந்துகொள்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது ஒன்று. வின்னிகொட் பிள்ளைகளோடு ஒரு கிறுக்கல் விளையாட்டு விளையாடுவார். அவர் ஒரு கடதாசியில் யோசிக்காமல் ஒரு கோடு கிறுக்குவார். பிள்ளை அதை ஏதாவது படமாக்கும். பிறகு பிள்ளை கிறுக்க, அவர் படமாக்குவார். வெற்றி தோல்வி இல்லை. இதற்கு ஒரு பென்சிலும் பழைய கவுன்சில் கடிதத்தின் பின்பக்கமும் போதும். கிழமைக்கு ஒருநாள் கால் மணித்தியாலம், தொலைபேசியை மற்ற அறையில் வைத்துவிட்டு விளையாடிப் பாருங்கள். படத்தைத் திருத்தாதீர்கள். "இதைவிட வடிவாகக் கீறலாமே" என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்று இன்னும் இலகு. பிள்ளை ஒரு மூலையில் தன் பாட்டில் இருக்கும்போது, நீங்களும் அதே அறையில் உங்கள் பாட்டில் இருங்கள். ஒன்றும் கேட்க வேண்டாம். அன்பான ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது தனியாக இருக்கப் பழகிய பிள்ளைதான், பிற்காலத்தில் தனிமைக்குப் பயப்படாது என்று 1958இல் அவர் எழுதினார்.

"சும்மா இரு" என்பது எங்கள் வாயில் அதட்டலாகத்தான் வருகிறது. ஆனால் யோகர் சுவாமிகள் அதே சொல்லை உபதேசமாகச் சொன்னார். வருகிற சனிக்கிழமை ஒரு வகுப்பை விட்டுவிட்டு, பிள்ளையோடு சேர்ந்து நாங்களும் அதைப் பழகிப் பார்க்கலாம்.