குழந்தையின் கார் இருக்கையை எப்போது முன்னோக்கித் திருப்பலாம்?

ஊரிகத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படுவது என்றால் நம் பகுதி மக்களுக்குப் பல தலைமுறைகளாக இரயில்தான் நினைவுக்கு வரும். மாரிக்குப்பத்தில் கிளம்பும் வண்டி, சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் நிலையங்களில் பயணிகளை ஏற்றிக்கொண்டு பங்காருப்பேட்டை வழியாகத் தலைநகரை அடையும். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதில் செல்வதைப் பற்றி எவரும் கவலைப்பட்டதில்லை. இப்போது நிலைமை மாறிவருகிறது. 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்டபின் பிழைப்புக்காகப் பெங்களூரில் குடியேறிய குடும்பங்களின் அடுத்த தலைமுறை இன்று சொந்தக் கார் வாங்குகிறது. பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையில் ஒசகோட்டை முதல் பேத்தமங்கலம் வரையிலான பகுதி 2024-ஆம் ஆண்டின் இறுதியில் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டது. தாத்தா பாட்டியைக் காண வரும் பேரக்குழந்தைகள், மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்திற்கென அமைக்கப்பட்ட அந்தச் சாலையில் வருகிறார்கள்.

கார் கடன் தொடர்பாக எங்களிடம் வரும் இளம் பெற்றோர்களில் சிலர், குழந்தைக்கென்று தனி இருக்கை வாங்கியிருப்பதையும் குறிப்பிடுகிறார்கள். மகிழ்ச்சிக்குரிய செய்தி. ஆனால் அதனுடன் சேர்ந்தே ஒரு கேள்வியும் வருகிறது: “குழந்தைக்கு ஒரு வயது முடிந்துவிட்டது, இனி இருக்கையை முன்பக்கமாகத் திருப்பி வைத்துவிடலாம் அல்லவா?” முதல் பிறந்த நாளை இதற்கு உரிய நாளாகக் கருதும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது சரியன்று என்பதையும், திருப்பும் நாளை வேறு எது தீர்மானிக்க வேண்டும் என்பதையும் இங்கே விளக்க முற்படுகிறோம்.

வேகத்தின் அளவை முதலில் உணர்ந்துகொள்ள வேண்டும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒன்று சுவரில் மோதி நிற்பது, ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். வேகம் இரு மடங்கானால் உயரம் நான்கு மடங்காகும். அதாவது 100 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 40 மீட்டர். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சுரங்கங்களைக் கண்ட நம் ஊர் மக்களுக்கு, 40 மீட்டர் குழியில் விழுவது என்றால் என்னவென்று எவரும் விளக்க வேண்டியதில்லை.

நேருக்கு நேர் மோதலில் வண்டி சட்டென நிற்க, உள்ளிருப்பவரின் உடல் அதே வேகத்தில் முன்னோக்கிச் செல்ல முனைகிறது. முன்னோக்கி அமர்ந்த குழந்தையின் மார்பையும் தோளையும் பட்டைகள் பிடித்துக்கொள்ளும். தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. அது முன்னே பாய, அந்த இழுப்பு முழுவதையும் கழுத்து தாங்க நேரிடுகிறது. பெரியவர்களின் தலை உடல் எடையில் ஒரு சிறு பங்கே; பிறந்த குழந்தையின் தலையோ உடல் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு. அந்தத் தலையைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இளம் வயதில் முழுமையான எலும்புகளே அல்ல. குருத்தெலும்பால் இணைந்த தனித்தனித் துண்டுகளாக இருந்து, ஏறத்தாழ மூன்று முதல் ஆறு வயதிற்குள் படிப்படியாக ஒன்றுசேர்கின்றன. இணைக்கும் தசைநார்களும் எளிதில் நீளக்கூடியவை. உள்ளே செல்லும் தண்டுவடம் அந்த அளவுக்கு நீள இயலாது.

பின்னோக்கி அமர்ந்த குழந்தைக்கு இதே மோதலில் நிகழ்வது வேறு. தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒருசேர இருக்கையின் முதுகுப் பலகையில் அழுந்துகின்றன; விசை பரவலாகப் பங்கிடப்படுகிறது; கழுத்து தனித்து இழுக்கப்படுவதில்லை. சுவீடனைச் சேர்ந்த பேராசிரியர் பெர்டில் ஆல்ட்மன் 1960-களில் இந்தக் கருத்தை முன்வைத்தார். ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் மல்லாந்த நிலையில் அமர்ந்து, புறப்பாட்டின் விசையை முதுகு முழுவதிலும் தாங்கியதே அவருக்குத் தூண்டுகோல். 1964-இல் வோல்வோ காரில் அதன் முதல் மாதிரி சோதிக்கப்பட்டது. அந்நாட்டில் நான்கு வயது வரை குழந்தைகளைப் பின்னோக்கியே அமர்த்துவது இன்று இயல்பான வழக்கம்.

“பின்னாலிருந்து ஒரு லாரி மோதினால்?” என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அப்போது முன்னோக்கிய நிலை சாதகமானதே. ஆயினும் உயிருக்கு ஆபத்தாகும் கடுமையான மோதல்களில் பெரும்பாலானவை முன்புறத்தும் பக்கவாட்டிலும் நிகழ்கின்றன. எனவே பாதுகாப்பும் அந்தத் திசைக்கே முதலில் தேவைப்படுகிறது.

இனி ‘ஒரு வயது’ எங்கிருந்து வந்தது என்பதைப் பார்ப்போம். ஐரோப்பாவின் பழைய விதி எடையை அடிப்படையாகக் கொண்டது: 9 கிலோவுக்குக் குறைந்த குழந்தையை முன்னோக்கி அமர்த்தக் கூடாது. இந்தியாவின் ஏஐஎஸ் 072 தரநிலையும் அதே எடைப்பிரிவுகளைப் பின்பற்றுகிறது. இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கொழுகொழுவென்ற குழந்தை ஒன்பது மாதத்திற்கு முன்பே 9 கிலோவை எட்டிவிடலாம். அதன் கழுத்து அந்த வேகத்தில் முதிர்வதில்லை. ஆகவே 2013-இல் நடைமுறைக்கு வந்த புதிய ஐரோப்பிய விதி, எடை எதுவாயினும் 15 மாதம் நிறையும் வரை பின்னோக்கிய நிலை கட்டாயம் என்று மாற்றியமைத்தது. 15 மாதம் என்பது அதற்கு முன் திருப்பவே கூடாத எல்லை. அந்த நாளில் திருப்பியே ஆகவேண்டும் என்று அதற்குப் பொருளில்லை.

அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் சங்கம் 2011-இல் இரண்டு வயது வரை என்றது. 2018-இல் அந்த வயதையும் நீக்கிவிட்டு, இருக்கையின் உற்பத்தியாளர் அனுமதிக்கும் அதிகபட்ச எடையையோ உயரத்தையோ குழந்தை எட்டும் வரை பின்னோக்கியே வைத்திருக்குமாறு பரிந்துரைத்தது. இம்மாற்றத்தின் பின்னணி அறியத்தக்கது. பின்னோக்கிய நிலை ‘ஐந்து மடங்கு பாதுகாப்பானது’ என்று விளம்பரங்களில் இன்றும் காணப்படும் வாசகம், 2007-இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது. அதன் கணக்கீட்டில் பிழை இருந்தமையால் அவ்வாய்வு பின்னர் திரும்பப் பெறப்பட்டது. மறு ஆய்வில், இரண்டு வயதைத் திட்டவட்டமான எல்லையாகக் கொள்ளப் போதிய எண்ணிக்கையில் விபத்துத் தரவுகள் இல்லை என்று தெரியவந்தது. ஆனால் மேலே விவரித்த இயங்குமுறையும், மோதல் சோதனைகளும், சுவீடனின் நெடுங்கால அனுபவமும் அப்படியே இருக்கின்றன. ‘ஐந்து மடங்கு’ என்று எவரேனும் கூறி விற்க முனைந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். பின்னோக்கிய நிலையை மட்டும் கைவிடாதிருங்கள்.

நம் நாட்டுச் சட்டம் இதில் மிகச் சுருக்கமானது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவின்படி, 14 வயது நிறையாத குழந்தையை இருக்கைப் பட்டையோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு அமைப்போ இன்றி அழைத்துச் சென்றால் அபராதம் 1,000 ரூபாய். எந்தப் பக்கம் நோக்கி அமர்த்த வேண்டும் என்று அப்பிரிவு கூறவில்லை. முடிவு பெற்றோரிடமே விடப்பட்டிருக்கிறது.

அந்த முடிவுக்கு நாட்காட்டி தேவையில்லை. இருக்கையின் பக்கவாட்டில் ஒட்டப்பட்டுள்ள சீட்டையும் கையேட்டையும் பார்த்தால் போதும். பின்னோக்கிய நிலைக்கான அதிகபட்ச எடை அதில் குறிப்பிடப்பட்டிருக்கும். கைப்பிடியுள்ள தொட்டில் போன்ற சிறிய இருக்கைகள் பெரும்பாலும் 13 கிலோ வரை. இரு நிலையிலும் பயன்படும் பெரிய இருக்கைகளில் சில 18 கிலோ வரை அனுமதிக்கின்றன. உயரத்தைப் பொறுத்தவரை, குழந்தையின் தலை உச்சிக்கும் இருக்கையின் மேல்விளிம்பிற்கும் இடையே ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். எடை, உயரம் இரண்டில் எது முதலில் எல்லையைத் தொடுகிறதோ அதுவே கணக்கு. சிறிய இருக்கை போதாமற் போயிற்று என்றால் உடனே முன்னோக்கித் திருப்ப வேண்டும் என்பதில்லை. பின்னோக்கிய நிலையையே அனுமதிக்கும் பெரிய இருக்கைக்கு மாறுவது அடுத்த படி. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஆண் குழந்தையின் நடுத்தர எடை இரண்டு வயதில் 12.2 கிலோ, மூன்று வயதில் 14.3 கிலோ. நம் குழந்தைகள் பலர் இதைவிடச் சற்று மெலிந்தவர்கள். ஆகவே 18 கிலோ இருக்கையில் மூன்று, நான்கு வயது வரை பின்னோக்கி அமர்வது நமக்கு எளிதில் இயலக்கூடியதே.

கால்கள் மடங்கி நெருக்குண்டு கிடக்கின்றன என்பதுதான் தாத்தா பாட்டிகள் முதலில் சொல்லும் குறை. குழந்தைகள் சம்மணமிட்டோ, காலை இருக்கையின் முதுகில் சாய்த்தோ வசதியாக அமர்ந்துகொள்கின்றனர். நாம்தான் அவர்களுக்காக வலியை உணர்கிறோம். மோதலில் கால் காயங்கள் பின்னோக்கிய குழந்தைகளுக்கு அரிது. அழுகையைப் பற்றிய குறை இதைவிட உண்மையானது. ஒன்றரை மணி நேரம் முகம் காணாமல் அழும் குழந்தையைப் பொறுத்துக்கொள்வது எளிதன்று. பின்னிருக்கையில் பெரியவர் ஒருவர் அருகில் அமர்வதும், பேத்தமங்கலத்திற்கோ ஒசகோட்டைக்கோ முன்பாக வண்டியை விரைவுச்சாலையிலிருந்து இறக்கிச் சற்று இளைப்பாறுவதும் உதவும்.

இரு செய்திகளில் மட்டும் விட்டுக்கொடுக்க இடமில்லை. முதலாவது, மடி. 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் அரை மீட்டர் தொலைவுக்குள் நொறுங்கி நின்றால், 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 200 கிலோ எடையைத் தூக்கும் பலம் வேண்டும். எந்தத் தாயின் கைக்கும் அது இயலாது. இரண்டாவது, முன்னிருக்கை. 2022 முதல் விற்கப்படும் கார்களில் ஓட்டுநருக்கு அருகிலுள்ள இருக்கைக்கும் காற்றுப்பை கட்டாயம். பின்னோக்கிய குழந்தை இருக்கையை அங்கே வைத்தால், வெடித்து விரியும் பை நேராக அதன் முதுகில், அதாவது குழந்தையின் தலைக்குப் பின்னால் அறையும். குழந்தையின் இடம் எப்போதும் பின்னிருக்கையே.

செலவைப் பற்றியும் கூற வேண்டும்; வங்கியாளர்கள் அதைக் கூறாவிட்டால் எவர் கூறுவது? கார் வாங்குகையில் இருக்கை உறை, ஒலிபெருக்கி, அலங்காரச் சக்கரம் ஆகியவற்றிற்கு முன்பணத்தோடு ஒரு தொகையை எவரும் தயங்காமல் ஒதுக்குகிறோம். குழந்தை இருக்கையை அந்தப் பட்டியலின் முதல் வரியில் எழுதுங்கள். ஏற்கெனவே 13 கிலோ தொட்டில் இருக்கை ஒன்றை அன்பளிப்பாகப் பெற்றவர்கள் தவிர, மற்றவர்கள் பின்னோக்கி 18 கிலோ வரை செல்லும் இருக்கையை முதலிலேயே வாங்குவது சிக்கனம். உறவினர் கொடுக்கும் பழைய இருக்கை என்றால், அது விபத்தைச் சந்தித்ததா, சீட்டில் அச்சிட்ட பயன்பாட்டுக் காலம் முடிந்துவிட்டதா என்று கேட்டறியுங்கள். விபத்தில் சிக்கிய இருக்கை வெளியே நன்றாகத் தெரிந்தாலும் பயன்படுத்தத்தக்கதன்று.

எல்லை எட்டப்பட்டுத் திருப்பும் நாள் வரும்போது, இருக்கையைச் சுழற்றுவதோடு வேலை முடிவதில்லை. பின்னோக்கிய நிலையில் தோள்பட்டைகள் குழந்தையின் தோளுக்குச் சமமாகவோ சற்றுக் கீழாகவோ இருக்க வேண்டும்; முன்னோக்கிய நிலையில் சமமாகவோ சற்று மேலாகவோ மாற்ற வேண்டும். தோளருகே பட்டையை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபட்டால் இன்னும் தளர்வாக இருக்கிறது. இருக்கையின் உச்சியிலிருந்து வரும் மேல்கட்டுப் பட்டையைக் காரின் பின்பகுதியிலுள்ள கொக்கியில் மாட்டி இறுக்க வேண்டும். தலை முன்னே பாயும் தூரத்தைக் குறைப்பது அந்தப் பட்டைதான். அவசரத்தில் மாட்டாமல் விடப்படுவதும் பெரும்பாலும் அதுவே. கொக்கி எங்கே இருக்கிறது என்பதைக் காரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம்.